சூழல் பேசும் கட்சிகளின் வேளாண் வாக்குறுதிகள்: வயலில் இறங்கிப் பார்த்தால் எது நிற்கும்?

தென்கால்:
எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று பேச இந்த இழையைத் தொடங்கவில்லை. சுற்றுச்சூழலை முன்வைத்துப் பேசும் கட்சிகளும் அமைப்புகளும் கிராமத்துக்கும் வேளாண்மைக்கும் சொல்வதை, மதுரை மாவட்டத்து நிலத்தில் வைத்து எடைபோடுவதுதான் நோக்கம்.

பாமக 2008 முதல் ஆண்டுதோறும் வேளாண்மைக்கு நிழல் நிதிநிலை அறிக்கை வெளியிடுகிறது. சட்டமன்றத்தில் தனி வேளாண் பட்ஜெட் வந்தது 2021 ஆகஸ்டில்தான். நாம் தமிழர் கட்சி வேளாண்மையை அரசுப் பணியாக்குவோம் என்கிறது. மாநில அரசே 2023 மார்ச்சில் அங்கக (இயற்கை) வேளாண் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பொதுவாக எல்லார் அறிக்கையிலும் வரும் சொற்கள்: நஞ்சில்லா உணவு, பூச்சிக்கொல்லித் தடை, மரபணு மாற்று விதை எதிர்ப்பு, விளைநிலப் பாதுகாப்பு.

என் பார்வையில் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்வியால் உரசிப் பார்க்க வேண்டும். இதைச் செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறதா? தடை விழுந்த மறுநாள் காலையில், புழு விழுந்த வயலுக்கு என்ன கொண்டுபோவது? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத வாக்குறுதி எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நம் வரப்புக்கு வந்து சேராது.

தெரிந்தவர்கள் விவரத்தோடு எழுதுங்கள்.

சட்டப்புள்ளி:
முதல் கேள்விக்கு நான் வருகிறேன். பூச்சிக்கொல்லியைப் பதிவு செய்வதும் பதிவை ரத்து செய்வதும் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. மாநிலத்துக்கு உள்ள முக்கிய வாசல் பிரிவு 27. ஆபத்து இருப்பதாகக் கருதினால், விசாரணை முடியும்வரை விற்பனையையும் பயன்பாட்டையும் 60 நாள் நிறுத்தலாம். விசாரணை முடியவில்லை என்றால் மேலும் 30 நாள். அவ்வளவுதான்.

தமிழ்நாடு சில ஆண்டுகளுக்கு முன் இதைத்தான் செய்தது. மோனோகுரோட்டோபாஸ், புரபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ், இவற்றோடு சைபர்மெத்ரின் கலந்த இரண்டு கலவைகள், ஆக ஆறுக்கு 60 நாள் தடை. 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டுக்கு மட்டும் நிரந்தரத் தடை. ஆறில் மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலை ஒன்றிய அரசு 2023இல் தடை செய்தது. அதற்கு முன் 2018 ஆகஸ்டில் 18 மருந்துகளுக்கு ஒன்றிய ஆணை வந்தது. போரேட், பாஸ்பமிடான், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் போன்றவற்றுக்கு 2020 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

ஆகவே "ஆட்சிக்கு வந்தால் பூச்சிக்கொல்லியைத் தடை செய்வோம்" என்று மாநிலத் தேர்தலில் எழுதினால், அது 90 நாள் வாக்குறுதி. அதற்காக மாநிலம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அந்த 90 நாளை எப்போது போடுவது என்பது அதன் கையில். விரிவாக்க மையத்தில் மானியத்தில் எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்பது அதன் கையில். பயிர்ப் பரிந்துரைக் கையேட்டிலிருந்து ஒரு மருந்தை எடுப்பதும், கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது விற்பனைப் பதிவேட்டைக் கேட்பதும் அப்படியே. கட்சி அறிக்கையில் இவை இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

தழைச்சத்து:
சட்டம் சரி. ஆனால் "மாற்று தயாராகும்வரை தடை வேண்டாம்" என்ற இடத்துக்கு இந்தப் பேச்சு போய்விடக் கூடாது. ஐம்பது வருடமாகச் சொல்லப்படும் பதில் அது. மாற்று ஏற்கனவே இருக்கிறது. தடை வந்தால்தான் தேவை பிறக்கும், தேவை பிறந்தால்தான் உற்பத்தி வரும்.

கள்ளந்திரி மடை:
தழைச்சத்து தம்பி, இலங்கையைப் பாருங்கள். 2021 ஏப்ரல் இறுதியில் ரசாயன உரம், மருந்து இறக்குமதியை ஒரே வீச்சில் நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் நெல்லும் தேயிலையும் அடிவாங்கிவிட்டன. மாற்றுத் தழைச்சத்துக்கு மூலப்பொருள் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடாமல் தேதியை மட்டும் அறிவித்தால் அதுதான் நடக்கும்.

பூச்சிக்கணக்கு:
இலங்கையை எடுத்தால் முழுவதும் எடுக்க வேண்டும். அதே நாடுதான் 1995இல் அதிக நஞ்சுள்ள மருந்துகளையும் 1998இல் எண்டோசல்பானையும் நிறுத்தியது. அதன்பின் அங்கே தற்கொலைச் சாவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் அதனால் சரிந்ததாகத் தெரியவில்லை. ஒரே நாட்டில் ஒரு தடை உயிரைக் காத்தது, இன்னொரு தடை விளைச்சலைக் கவிழ்த்தது. முதலாவது, குடித்தால் பிழைக்க முடியாத சில மருந்துகளைப் பார்த்துப் பொறுக்கி எடுத்தது. அந்த இடத்தில் போட வேறு மருந்து கடையில் இருந்தது. இரண்டாவது எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியது.

மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டை இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்கு முறிவு மருந்து கிடையாது. உள்ளே போனால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, பிறகு கல்லீரல் செயலிழக்கும். அதைத் தடுப்பதற்கு வேளாண் மாற்று எதுவும் காத்திருக்கத் தேவையில்லை. எலிக்கு வேறு வழி ஆயிரம் உண்டு. டப்பாவில் சிவப்பு முக்கோணம் போட்ட கடும் நஞ்சு மருந்துகளை நிறுத்துவேன் என்று ஒரு கட்சி சொன்னால், அதை விளைச்சல் கணக்கால் எடைபோடக் கூடாது. உயிர்க் கணக்கால் எடைபோட வேண்டும். அந்தக் கணக்கில் அது நிற்கும்.

கள்ளந்திரி மடை:
ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது மற்றதைப் பற்றி: "முழு மாவட்டமும் இயற்கை வேளாண்மை" என்ற வாக்குறுதி.

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு வைகை இருபோக ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 45,041 ஏக்கர். நெல்லில் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் மருந்தில்லாத வழி முட்டை ஒட்டுண்ணி, அதாவது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் சிறு குளவி. பரிந்துரை இது: நடவு செய்த 30, 37ஆம் நாள்களில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், 37, 44, 51ஆம் நாள்களில் டிரைக்கோகிரம்மா கைலோனிஸ். ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 5 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை, அதாவது ஏக்கருக்கு 2 சிசி. ஐந்து முறைக்கு 10 சிசி. ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரு போகத்துக்கு 4,50,410 சிசி. ஒரு சிசியில் ஏறக்குறைய 20,000 முட்டை என்றால் 900 கோடி முட்டை. கால்வாசி ஏக்கரில் மட்டும் விட்டாலும் 225 கோடி.

இது கம்புக் குருணையில் அரிசி அந்துப்பூச்சி வளர்த்து, அதன் முட்டையை அட்டையில் ஒட்டி, ஒட்டுண்ணியை விட்டுத் தயாரிக்கும் பொருள். யூரியா மாதிரி குடோனில் அடுக்கி வைக்க முடியாது. முட்டை கருத்ததும் குளிர்பெட்டியில் சில நாள் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். இன்றைக்குக் கேட்டு நாளைக்கு வாங்க முடியாது என்பதால் நடவுத் தேதி தெரிந்தால்தான் உற்பத்தியைத் தொடங்க முடியும். ஆகவே அறிக்கையில் நான் தேடுவது "இயற்கை" என்ற சொல்லை அல்ல. வட்டாரத்துக்கு எத்தனை ஒட்டுண்ணி உற்பத்தி மையம், அதில் எத்தனை பேர் வேலை என்பதை.

பூச்சிக்கணக்கு:
அட்டை கைக்கு வந்தபிறகும் கெடுக்க நிறைய வழி இருக்கிறது. வெயில் ஏறியபின் கட்டினால் வெளிவரும் குளவி வாடிச் சாகும். அதிகாலையிலோ சாயங்காலமோ, இலையின் அடிப்பக்கம், துண்டு துண்டாக வெட்டி வயல் முழுக்கப் பரவலாகக் குத்த வேண்டும். வரப்போரம் மட்டும் குத்திவிட்டு வந்தால் எறும்பு தின்னும். குத்திய வாரத்தில் பக்கத்து வயல்காரர் விசைத்தெளிப்பானில் சைபர்மெத்ரின் அடித்தால் அத்தனையும் வீண். தனி விவசாயிக்கு இது வேலை செய்யாது, மடைக்கு மடை சேர்ந்து செய்தால்தான் செய்யும். "இயற்கை விவசாயிக்கு ஊக்கத்தொகை" என்று ஆளுக்கு ஆள் பணம் கொடுக்கும் திட்டத்தைவிட, ஒரே மடையில் பாயும் எல்லாரும் சேர்ந்தால் கொடுக்கும் திட்டம் நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்.

தென்கால்:
இதிலிருந்து ஒரு கேள்வி. அணைத் தண்ணீர் திறக்கும் தேதி பூச்சிக் கொள்கை ஆகாதா?

கள்ளந்திரி மடை:
ஆகும். என் கணக்கில் அதுதான் முதல் பூச்சிக் கொள்கை, அண்ணே. ஒரு மடையில் எல்லாரும் மூன்று வாரத்துக்குள் நட்டு முடித்தால் குருத்துப்பூச்சி தலைமுறை தலைமுறையாகப் பெருக வாய்ப்புக் குறையும். தண்ணீர் இழுபறியாகி ஒருவர் ஆனியிலும் ஒருவர் ஆவணியிலும் நட்டால், அந்துப்பூச்சி முதிர்ந்த வயலிலிருந்து இளம் வயலுக்கு நடந்துபோகிற மாதிரி போகும். கடைமடைக்கு எப்போதும் வெண்கதிர் (மணி பிடிக்காமல் வெளுத்த கதிர்) அதிகம் விழுவதற்கு இது ஒரு காரணம். தண்ணீர் கடைசியாக வரும், பூச்சி பெருகியபின் அங்கே பயிர் இளசாக நிற்கும்.

திறப்புத் தேதியை முன்கூட்டி அறிவிப்பது, முறைப்பாசனத்தை மீறாமல் விடுவது, கிளைவாய்க்காலைச் சித்திரை, வைகாசியில் தூர்வாரி முடிப்பது. இதெல்லாம் எந்தச் சூழல் கட்சியின் அறிக்கையிலும் பூச்சி என்ற தலைப்பின் கீழ் வராது. பாசனம் என்று எங்கோ ஒரு வரியில் இருக்கும். ஆனால் ஒரு சொட்டு மருந்து இல்லாமல் பூச்சியைக் குறைப்பது அதுதான்.

தழைச்சத்து:
வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு இந்தத் தட்டுப்பாடு கிடையாது. ஊரெல்லாம் வேம்பு நிற்கிறது. செய்முறை தெரியாதவர்களுக்கு:

ஏக்கருக்கு 200 லிட்டர், 5 சதவீதம் என்றால் 10 கிலோ பருப்பு. தோல் நீக்கிய பருப்பை உரலில் மெதுவாக இடிக்க வேண்டும். மாவாக அரைத்தால் எண்ணெய் கக்கி உருண்டையாகிவிடும். துணியில் தளர முடிந்து, 20 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் மரக்கட்டையால் கலக்கி, முடிச்சைப் பிழியப் பிழியப் பால் மாதிரி வெள்ளையாக இறங்கும். வெள்ளை நிற்கும்வரை பிழிந்து, இரட்டைத் துணியில் வடிகட்டி 200 லிட்டராக்கி, லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் காதி சோப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்க்க வேண்டும். சோப்பு இல்லையென்றால் நெல் இலையில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். வடிகட்டாமல் விட்டால் நாசில் அடைக்கும். சாயங்காலம்தான் அடிக்க வேண்டும். வெயிலில் அசாடிராக்டின், அதாவது பூச்சியைத் தடுக்கும் வேம்புச் சத்து, சிதைந்துபோகும். கரைத்தால் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

கள்ளந்திரி மடை:
செய்முறை அத்தனையும் சரி. ஒன்று விட்டுவிட்டீர்கள், தம்பி: கொட்டையின் வயது. மூன்று மாதத்துக்கு உட்பட்டதிலும் எட்டு மாதம் தாண்டியதிலும் அசாடிராக்டின் குறைவு. நம் பக்கம் வேம்பு பழுத்து உதிர்வது ஆனி, ஆடி. அந்தக் கொட்டை ஐப்பசியிலிருந்து மாசிவரை நல்ல வீரியத்தோடு இருக்கும். இரண்டாம் போகத்துக்குப் பொருந்தும். முதல் போகத்தில் இலைச்சுருட்டுப் புழு வருவது ஆடி, ஆவணியில். அப்போது கையில் இருப்பது போன வருடக் கொட்டை, பன்னிரண்டு மாதம் ஆனது. இந்த வருடக் கொட்டையோ இன்னும் பச்சை. "வேம்பு அடித்தேன், கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்குத் தவறு வேம்பில் இல்லை, நாள்காட்டியில் இருக்கிறது.

அளவும் பாருங்கள். 45,041 ஏக்கருக்கு ஒரே ஒரு தெளிப்புக்கு 450 டன் பருப்பு. பருப்பு கொட்டையில் ஏறக்குறைய பாதி எடை என்பதால் 900 டன் கொட்டை. உதிர்ந்ததைப் பொறுக்கிக் கழுவிக் காயவைக்க ஆள் வேண்டும். நூறு நாள் வேலை மாதிரி ஒன்றில் இதைச் சேர்த்து, கூட்டுறவு சங்கம் விலை வைத்து எடுத்தால் நடக்கும். ஒரு கட்சி இதை எழுதினால் அந்த அறிக்கையை நான் மதிப்பேன்.

தழைச்சத்து:
நாள்காட்டி விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். முதல் போகத்துக்குக் கடை வேப்பங்கொட்டை மருந்து, அசாடிராக்டின் அளவு அச்சிட்டது, வாங்குவதே சரி.

நெல்லின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் புகையானுக்கு என்ன சொல்கிறீர்கள்? அதற்குத்தானே கடைக்காரர் இரண்டு மூன்று டப்பாவைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்.

பூச்சிக்கணக்கு:
புகையான் என்பது பெரும்பாலும் நாம் மருந்தடித்து வரவழைத்துக்கொள்ளும் பூச்சி. டெல்டாமெத்ரின், குயினால்பாஸ் போன்றவை இலைச்சுருட்டுப் புழுவைக் கொல்லும்போது சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் சேர்த்துக் கொல்லும். பிறகு புகையானைத் தின்ன ஆள் இல்லை. யூரியாவை ஒரே தடவையில் கொட்டிய வயலில் இன்னும் வேகம்.

வயலில் இறங்கிப் பார்க்கும் முறை: குறுக்காக நடந்து பத்துக் குத்தை (ஓரிடத்தில் நட்ட பயிர்க்கொத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். குத்தைச் சாய்த்து, அடித்தூரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் பழுப்புப் பூச்சி தண்ணீரில் விழுந்து பக்கவாட்டில் ஓடும். எண்ணுங்கள். தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒன்று என்ற அளவைத் தொட்டால் நடவடிக்கை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டுவரை பொறுக்கலாம். அந்த ஒரு சிலந்தி ஒரு தெளிப்புச் செலவை மிச்சப்படுத்துகிறது.

நடவிலேயே 8 அடிக்கு 1 அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டிருந்தால் அடித்தூரில் வெளிச்சமும் காற்றும் போகும். அளவு தாண்டினால் முதலில் தண்ணீரை வடியுங்கள். மருந்து தவிர்க்க முடியாவிட்டால் பைமெட்ரோசின் 50 சதவீதம், ஏக்கருக்கு 120 கிராம், 200 லிட்டர் தண்ணீரில், நாசிலைத் தாழ்த்தி அடித்தூரில் படும்படி. மேலோட்டமாகத் தோகையில் அடித்துவிட்டு வந்தால் பூச்சி கீழே பத்திரமாக இருக்கும்.

கொள்கைக்கு வருகிறேன். இப்படி எண்ணிப் பார்த்து "அடி", "அடிக்காதே" என்று சொல்லக் கிராமத்துக்கு ஒருவர் வேண்டும். இன்றைக்கு அந்த இடத்தில் மருந்துக் கடைக்காரர் இருக்கிறார். அவர் விற்றால்தான் அவருக்குப் பிழைப்பு, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. "அரசுப் பணி" என்ற வாக்குறுதியில் எனக்குப் பிடித்த பகுதி இங்கேதான் இருக்கிறது: எல்லா விவசாயியையும் அரசு ஊழியராக்குவதற்கு முன்னால், பூச்சி எண்ணும் வேலையை அரசுப் பணியாக்குங்கள். மடைக்கு ஒருவர், வாரம் ஒருமுறை, எண்ணிக்கையைப் பலகையில் எழுதட்டும்.

மல்லிச்செடி:
எல்லாரும் நெல்லிலேயே நிற்கிறீர்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு வந்தது. அதிகம் மருந்து குடிக்கும் பயிர்களில் ஒன்று அதுதான். ஒரு அறிக்கையிலும் பூ வருவதில்லை. "நஞ்சில்லா உணவு" என்று எழுதினால் பூ அதில் அடங்காது. உணவுப் பொருளுக்கு மருந்து எச்ச அளவு வரம்பு இருக்கிறது, தலையில் வைக்கும் பூவுக்கு இல்லை.

விஷயம் இதுதான். மருந்து டப்பாவில் "தெளித்தபின் இத்தனை நாள் கழித்துப் பறிக்கவும்" என்று போட்டிருப்பார்கள். மல்லியில் தினமும் விடியுமுன் மொட்டைப் பறித்தாக வேண்டும், இல்லையென்றால் மலர்ந்து விலை விழுந்துவிடும். ஆகவே நேற்று அடித்த செடியில் இன்று கை வைக்கிறார்கள். பறிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், கையுறை போட்டால் மொட்டுக் காம்பு பிடிபடாது. மாலை அடித்து அதிகாலை பறிக்கும்போது பனி ஈரத்தோடு மருந்து விரலில் ஏறும். பிறகு மாட்டுத்தாவணிச் சந்தை, பூக்கட்டுகிறவர் கை, கூந்தல்.

மொட்டுப்புழுவும் மொட்டு ஈயும் சேர்ந்து வரும். புழு தின்ற மொட்டு ஊதா நிறமாகி ஓட்டையோடு இருக்கும். ஈ விழுந்தது அடிப்பக்கம் வீங்கி வளராமல் நின்றுவிடும். பறிக்கும்போதே அந்த மொட்டைத் தனிப் பையில் போட்டு எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். பாத்தியிலேயே உதிர்த்துவிட்டால் ஈயின் கூட்டுப்புழு அந்த மண்ணிலேயே வளர்ந்து திரும்ப ஏறும். செடியடி மண்ணைக் கொத்திக் கிளறி வெயில் படவிட்டு, வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்து, வெட்டிய கிளையைத் தோட்டத்தை விட்டு வெளியேற்ற வேண்டும். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும்.

இதற்கெல்லாம் கூலி ஆகிறது, மருந்தைவிட அதிகம். பறிகூலியில் ஊதா மொட்டுக்கும் எடைக்கு ஒரு விலை வைத்தால் பறிப்பவர் தானே பொறுக்குவார். மானியத்தை அங்கே கொடுங்கள் என்பது என் கோரிக்கை.

தென்கால்:
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. அங்ககச் சான்று வாங்கினால் பூவுக்கு விலை கூடுமா?

மல்லிச்செடி:
சந்தையில் எல்லாப் பூவும் ஒரே தராசில் விழும். கூடாது. பல்லாண்டுப் பயிருக்குச் சான்று மாற்றக் காலம் மூன்று வருடம், ஒருவருடப் பயிருக்கு இரண்டு. அந்த மூன்று வருடமும் விளைச்சல் குறைவையும் பழைய விலையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். சான்றுக் கட்டணத்தை அரசு ஏற்பது சின்ன உதவிதான், மாற்றக் காலத்து இழப்புதான் பெரிது.

சாப்டூர் அடிவாரம்:
பேச்சைக் கொஞ்சம் மலைப்பக்கம் திருப்புகிறேன். பேரையூர், சாப்டூர், உசிலம்பட்டி அடிவாரத்தில் கடலையும் மக்காச்சோளமும் போடுபவர்களுக்குப் பெரிய பூச்சி நாலு காலில் வருகிறது.

2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி வன உயிரினச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரை அழித்தால் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி கொடுக்கலாம். 2025 ஜனவரியில் மாநிலம் எடுத்த முடிவு: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடலாம். காட்டை ஒட்டிய நிலத்துக்குத்தான் சேதம் அதிகம், அங்கேதான் இந்த ஆணை ஒன்றும் தரவில்லை. காட்டைக் காக்க அது சரியான கோடாக இருக்கலாம். அப்படியென்றால் அந்த 1 கிலோமீட்டருக்கு வேலியை அரசு போட வேண்டும். "வனவிலங்கைக் காப்போம்" என்ற வரிக்குக் கீழே வேலிச் செலவு என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலி என்றால் சூரிய மின்வேலி. மாநிலத்தின் மின்வேலி விதிகள் 2023இல் வந்துவிட்டன, பதிவு செய்ய வேண்டும். தரச்சான்று பெற்ற எனர்ஜைசர் என்ற மின்துடிப்புக் கருவி விட்டு விட்டு அடிக்கும் துடிப்பை அனுப்பும், விலங்கு துள்ளி ஓடும், சாகாது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இழுப்பது குற்றம், யானையும் மனிதனும் சேர்ந்து சாகிறார்கள். பன்றிக்குக் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது, மூக்கால் தோண்டி நுழையும். கம்பியடியில் புல் வளர்ந்து தொட்டால் மின்துடிப்பு மண்ணில் இறங்கி வேலி செத்துவிடும். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை புல் செதுக்காதவர் வேலி போட வேண்டாம்.

மயில் வேறு கதை. அது முதல் அட்டவணை. மனித உயிருக்கு ஆபத்து, அல்லது மீள முடியாத நோய், ஊனம் என்றால்தான் விலக்கு, பயிர்ச்சேதம் அதில் வராது. மயிலைக் கட்டுப்படுத்துவேன் என்று மாநிலக் கட்சி சொன்னால் நம்பாதீர்கள். நாற்றங்காலுக்கு வலை, விதைப்புக்கு ஒளிரும் நாடா, அதோடு இழப்பீடு. இவைதான் வழி.

கள்ளந்திரி மடை:
எலியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வரப்பை ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் விடாதீர்கள், பருத்த வரப்புதான் வளை. தஞ்சாவூர்க் கிட்டி என்ற எலிப்பொறி ஏக்கருக்கு 40. துத்தநாக பாஸ்பைடு வைப்பதானால் முதல் இரண்டு நாள் மருந்தில்லாத பொரியை வைத்துப் பழக்கி, மூன்றாம் நாள் 49 பங்கு பொரிக்கு 1 பங்கு மருந்து, எண்ணெய் தடவிக் குச்சியால் கலந்து வைக்க வேண்டும். ஈரக் கையால் தொட்டால் வாயு கிளம்பும். ஆந்தை உட்காரக் குச்சி நட்டால் ஏக்கருக்கு 15, 20. புரோமாடயலோன் என்ற எலி மருந்து வைத்த வயலில் ஆந்தைக் குச்சி நடாதீர்கள். அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும்.

சட்டப்புள்ளி:
ஆந்தை என்றதும் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தில் 193.215 ஹெக்டேரை அறிவித்தார்கள். லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராஜாளி இருக்கும் குன்றுகள். இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியாக 2,015.51 ஹெக்டேர் ஏலம் போனது, அந்தத் தலத்தின் பகுதியும் உள்ளே. டிசம்பர் 9இல் சட்டமன்றத் தீர்மானம், மேலூர் பகுதி முழுக்கப் போராட்டம், 2025 ஜனவரி 23இல் ஏலம் ரத்து.

பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு ஏலத்தைத் தடுக்கவில்லை, மக்கள் தடுத்தார்கள். காவிரிப் படுகைக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. பெரியாறு வைகை ஆயக்கட்டு அதில் இல்லை. அதை இங்கே நீட்டிப்பது மாநிலம் தனியாகச் செய்யக்கூடிய சட்டம். விளைநிலப் பாதுகாப்பு பேசும் எல்லாக் கட்சியிடமும் இந்த ஒன்றைத் தேதியோடு கேட்கலாம். 2023 நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைத் திரும்பப் பெறுவார்களா என்பதையும் கூடவே. கண்மாயும் வாய்க்காலும் அடங்கிய நிலத்தைப் பெரும் திட்டத்துக்கு ஒப்படைக்க வழிவிடுவது அது.

பூச்சிக்கணக்கு:
அரசு நினைத்தால் முடியும் என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் பப்பாளி மாவுப்பூச்சி. 2008இல் கோவையில் தென்பட்டு, மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. அடித்த மருந்தெல்லாம் மாவுப் படலத்தில் வழுக்கியது. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அடங்கியது. அதற்கு விவசாயி ஒரு டப்பாகூட வாங்கவில்லை.

சோழவந்தான் தென்னையில் இப்போது உள்ள சுருள் வெள்ளை ஈக்கும் அதே வழிதான். 2016இல் பொள்ளாச்சியில் வந்தது. மருந்தடித்தால் அந்த ஈயைத் தாக்கும் என்கார்சியா குளவி செத்து ஈ கூடும். 5 அடிக்கு ஒன்றரை அடி மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு 8 கட்டுங்கள். என்கார்சியா தாக்கிய கூட்டுப்புழு உள்ள ஓலைத்துண்டை மரத்துக்கு மரம் மாற்றிக் கட்டுங்கள். கரும்பூஞ்சைக்கு மைதா லிட்டருக்கு 25 கிராம் காய்ச்சிப் பசையாக அடித்தால் காய்ந்து உரியும்.

தழைச்சத்து:
இந்த வருடக் கொட்டை உதிரத் தொடங்கிவிட்டது. சேமிப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். போன முறை நிறையப் பேருக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது.

கள்ளந்திரி மடை:
சதையோடு குவித்தால் பூஞ்சைதான், தம்பி. பழத்தைத் தண்ணீரில் பிசைந்து சதையைக் கழுவி, மிதக்கும் பொக்கைக் கொட்டையை எறிந்துவிட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் பரப்புங்கள். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். சணல் சாக்கில் கட்டி, தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், வேர்த்துப் போகும். ஓட்டோடு வையுங்கள், அடிக்கும் வாரத்தில்தான் உடைக்க வேண்டும். சாக்கில் சேகரித்த மாதத்தை எழுதி ஒரு சீட்டுக் கட்டிவிடுங்கள்.